நலமாக இருக்கும் மாடு

1868ஆம் ஆண்டுக் கோடையில் டெக்சாஸ் மாடுகள் இல்லினாய் மாநிலத்துக்கு வந்து இறங்கின. மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகேறி, பிறகு ரயிலேறி வந்த அவை, டோலோனோ என்ற ஊரைச் சுற்றியிருந்த புல்வெளிகளில் மேய விடப்பட்டன. நீண்டு விரிந்த கொம்பு, ஒட்டிய வயிறு, நெடும்பயணத்துக்கும் அசராத உடல். நோய்நொடி எதுவும் அவற்றிடம் தெரியவில்லை. ஆனால் சில வாரங்களில், அதே புல்லை மேய்ந்த உள்ளூர்ப் பசுக்கள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. காய்ச்சல் கொதித்தது. சிறுநீர் ரத்தமாய் இறங்கியது. பின்னங்கால் தள்ளாடியது. விழுந்தவை பெரும்பாலும் எழவில்லை. அறுத்துப் பார்த்தவர்கள் மண்ணீரல் வீங்கிப் பெருத்திருப்பதைக் கண்டார்கள். இல்லினாயிலும் பக்கத்து இண்டியானாவிலும் ஆயிரக்கணக்கான மாடுகள் போயின. நோயைக் கொண்டுவந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட டெக்சாஸ் மாடுகளோ நலமாக மேய்ந்துகொண்டிருந்தன.

அமெரிக்காவில் இன்று ஒரு மாட்டை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு லாரியில் ஏற்ற வேண்டுமென்றால், பொதுவாகக் கால்நடை மருத்துவரின் ஆய்வுச் சான்றிதழ் வேண்டும். பல வகை மாடுகளுக்குக் காதில் அரசு அங்கீகரித்த எண் வேண்டும். சில இனங்களுக்குச் சோதனை முடிவு வேண்டும். சில இடங்களுக்கு முன்கூட்டியே அனுமதி எண்ணும் வாங்க வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தனக்கென நிபந்தனைகள் வைத்திருப்பதால், விற்பவர் போய்ச்சேரும் மாநிலத்தின் விதியைக் கேட்டறிந்துதான் லாரியை எடுக்க முடியும். வீண் அலைச்சல் என்று பண்ணைக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். மாடு நன்றாகத்தானே இருக்கிறது, இத்தனை தாள் எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. நோயில் விழுந்த மாட்டை எவரும் விலைக்கு வாங்குவதில்லை, லாரியில் ஏற்றுவதுமில்லை. மாநில எல்லையைக் கடப்பது எப்போதும் நன்றாக இருக்கும் மாடுதான். எல்லைச் சட்டங்களின் நூற்றைம்பது ஆண்டைத் தாண்டிய வரலாறு, நலமாகத் தோன்றும் அந்த மாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க மனிதர்கள் பட்ட பாட்டின் வரலாறு.

முதல் முயற்சிகளில் ஒன்று மிசௌரி மாநிலத்தில் நடந்தது. டெக்சாஸ் மந்தைகள் போன வழியெல்லாம் உள்ளூர் மாடுகள் மடிவதைப் பார்த்த விவசாயிகள் கொதித்தெழ, 1855இல் மாநிலச் சட்டமன்றம் நோயுற்ற மாடுகளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இயற்றியது. படிப்பதற்கு நியாயமான சட்டம்தான். ஆனால் எல்லையில் நின்று பார்த்தவர்களின் கண்முன் வந்த டெக்சாஸ் மாடு ஒன்றுக்கும் நோய் இல்லை. சட்டப்படி அவற்றைத் தடுக்க வழியே இல்லாமல் போயிற்று. விவசாயிகள் துப்பாக்கியோடு பாதையில் நின்றார்கள். கான்சாஸ் மாநிலம் வரைபடத்தில் கோடு கிழித்து, இதற்குக் கிழக்கே டெக்சாஸ் மாடு வரக்கூடாது என்றது. குடியேற்றம் மேற்கே பரவப் பரவ அந்தக் கோடும் மேற்கே நகர்ந்தது. 1880களில் டெக்சாஸுக்குள்ளேயே வடபகுதிப் பண்ணைக்காரர்கள் தென்பகுதி மந்தைகளை வின்செஸ்டர் துப்பாக்கியைக் காட்டி நிறுத்தினார்கள்.

நீதிமன்றமும் தவித்தது. மார்ச் முதல் நவம்பர் வரை டெக்சாஸ், மெக்சிகோ மாடுகள் எதுவும் வரக்கூடாது என்று மிசௌரி பின்னர் போட்ட தடையை, 1870களின் இறுதியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாநிலங்களுக்கிடையிலான வணிகம் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நோயுள்ள விலங்கைத் தடுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு, நோய் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் ஓர் ஊர் மாடுகளை மொத்தமாகத் தடுக்க உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்ட நோக்கில் அப்பழுக்கற்ற வாதம். ஆனால் நோயுள்ள மாட்டையும் நோயற்ற மாட்டையும் பிரித்தறியும் வழி அன்று உலகில் எவரிடமும் இல்லை. நீதிபதிகள் கேட்ட வேறுபாட்டை அறிவியல் இன்னும் தந்திருக்கவில்லை.

அந்த நோயின் நடத்தை அத்தனை விநோதமானது. வந்த மாடு நலமாக இருக்கும், இருந்த மாடு சாகும். வடக்கத்திக் காளையை இனவிருத்திக்காகத் தெற்கே கொண்டுபோனாலும் அதுவே சாகும். இரண்டு மந்தைகளும் ஒன்றையொன்று பார்க்கக்கூட வேண்டாம். டெக்சாஸ் மந்தை கடந்துபோய் ஒரு மாதத்துக்குமேல் ஆன பாதையில் கால் வைத்த பசுவும் விழும். ஆனால் நோயில் விழுந்த வடக்கத்திப் பசு தன் பக்கத்தில் நிற்கும் பசுவுக்கு அதைத் தொற்றவைப்பதில்லை. உறைபனிக் காலத்தில் டெக்சாஸ் மாடு வந்தால் ஆபத்தில்லை. ஒரு குளிர்காலத்தை வடக்கே கழித்துவிட்ட டெக்சாஸ் மாட்டால் அடுத்த கோடையிலும் ஆபத்தில்லை. எச்சிலா, சாணமா, மூச்சா, குளம்பில் ஒட்டிவரும் ஏதோ நஞ்சா என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள்.

மந்தை ஓட்டியவர்களும் பண்ணை விவசாயிகளும் வேறொன்று சொன்னார்கள். தெற்கத்தி மாட்டின் தொடையிடுக்கிலும் மடியிலும் தொங்கும் உண்ணிதான் காரணம் என்றார்கள். 1868இன் சாவுகளை ஆராய அமெரிக்க அரசு அமர்த்திய ஜான் காம்ஜி, பிரிட்டனின் புகழ்பெற்ற கால்நடை மருத்துவர். அவர் இந்த உண்ணிக் கதையைக் கேட்டு, கொஞ்சம் யோசித்தாலே அபத்தம் என்று விளங்கிவிடும் என்ற தொனியில் ஒதுக்கித் தள்ளினார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடிக்கும் பூச்சி நோயைச் சுமக்கும் என்ற எண்ணம் அன்றைய மருத்துவத்தில் வேரூன்றியிருக்கவில்லை. ஆனாலும் மாட்டோடு வாழ்ந்தவர்கள் கண்ணால் கண்டு சொன்ன ஒன்று கிட்டத்தட்ட இருபது ஆண்டு பரிசோதிக்கப்படாமல் கிடந்தது என்பது மனதை உறுத்துகிறது. அந்த இருபது ஆண்டிலும் மாடுகள் செத்துக்கொண்டுதான் இருந்தன.

1884இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின்கீழ் கால்நடைத் தொழில் பணியகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் டேனியல் சால்மன். அவர் பெயரால்தான் சால்மோனெல்லா என்ற கிருமி இன்று அழைக்கப்படுகிறது. ஊர் ஊராக விசாரித்து, எந்தப் பகுதி மாடு வடக்கே வந்தால் சாவு நிகழ்கிறது என்று குறித்து, அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நீளும் எல்லைக்கோடு ஒன்றைப் பணியகம் வரைந்தது. காரணம் தெரியாமலேயே வரையப்பட்ட கோடு அது. பின்னாளில் பார்த்தால், கடும் உறைபனி விழும் நிலத்தையும் விழாத நிலத்தையும் பிரிக்கும் கோட்டோடு அது பெருமளவு ஒத்துப்போனது.

பணியகத்தில் தியோபால்ட் ஸ்மித் என்ற இளம் மருத்துவர் இருந்தார். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஜெர்மானியக் குடியேறிகளுக்குப் பிறந்தவர், பேச்சில் சிக்கனம், நுண்ணோக்கியில் அபாரப் பொறுமை. செத்த பசுக்களின் ரத்தத்தைப் பார்த்தபோது சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில் இரட்டை இரட்டையாக ஏதோ அமர்ந்திருப்பதைக் கண்டார். பாக்டீரியாவைவிட உருவில் வேறுபட்ட ஓர் ஒற்றைச் செல் உயிரி. சிவப்பணுவை உடைத்து வெளியேறுவதால்தான் சிறுநீர் சிவந்தது, உடல் வெளுத்தது. இன்று அதன் பெயர் பபேசியா.

கிருமி தெரிந்தது, வழி தெரியவில்லை. 1889 கோடையில் வாஷிங்டனுக்கு அருகிலிருந்த பணியகப் பண்ணையில் ஸ்மித்தும் கால்நடை மருத்துவர் ஃப்ரெட் கில்போர்னும் விவசாயிகளின் பேச்சைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். வட கரோலினாவிலிருந்து உண்ணி அப்பிய மாடுகள் வந்தன. ஒரு வேலிக்குள் அவற்றை உண்ணியோடு அப்படியே விட்டு, உள்ளூர் மாடுகளையும் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு வேலிக்குள் உண்ணிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்துவிட்டு, மாடுகளை மட்டும் விட்டார்கள். மூன்றாவது வேலிக்குள் தெற்கத்தி மாடே கிடையாது. தெற்கத்தி உண்ணிகளை மட்டும் புல்லில் தூவினார்கள். மேலே சூரியன் கொளுத்த, நெளியும் மாட்டைப் பிடித்துக்கொண்டு, மயிரிடுக்கில் குண்டூசித் தலையளவு ஒளிந்திருக்கும் உண்ணியைத் தேடி எடுக்கும் வேலை. ஒன்றைத் தவறவிட்டாலும் பரிசோதனை பாழ். முதல் வேலிக்குள் இருந்த உள்ளூர் மாடுகள் நோயில் விழுந்தன. இரண்டாவதில் இருந்தவை நலமாக இருந்தன. உண்ணி மட்டுமே இருந்த மூன்றாவதிலும் நோய் வந்தது.

மிகப் பெரிய ஆச்சரியம் அடுத்த ஆண்டு. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணியை ஸ்மித் ஆய்வகத்தில் வைத்து முட்டையிடச் செய்தார். பொரித்துவந்த குஞ்சுகள், ஒரு மாட்டையும் கடித்திராதவை. அவற்றை ஒரு நலமான பசுமேல் விட்டார். பசுவுக்குக் காய்ச்சல் கண்டது. கிருமி தாயிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போயிருந்தது.

இந்த ஒரே உண்மையில் எல்லா விநோதமும் அவிழ்ந்தது. இந்த உண்ணி தன் வாழ்வில் ஒரே ஒரு மாட்டில்தான் ஏறும். மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமான காலம் அதிலேயே குடித்து வளர்ந்து, கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். வெயில் காலத்தில் முட்டை பொரியச் சில வாரங்கள். குஞ்சு புல்நுனியில் காத்திருந்து அடுத்த மாட்டில் ஏறிக் கடித்தபின் காய்ச்சலுக்குச் சில நாட்கள். மந்தை போய் ஒரு மாதத்துக்குமேல் கழித்துச் சாவு வந்ததன் காரணம் அதுதான். நோயில் விழுந்த பசு தன் அண்டைப் பசுவுக்குத் தொற்றவைக்காததன் காரணமும் அதுதான்: நடுவில் ஒரு தலைமுறை உண்ணி பிறந்தாக வேண்டும். உறைபனி முட்டையைக் கொல்லும். குளிர்காலம் கழித்த டெக்சாஸ் மாட்டின் ரத்தத்தில் கிருமி மிச்சமிருக்கலாம். ஆனால் உண்ணி உதிர்ந்துவிட்டதால் அது எங்கும் போக முடியாது. தெற்கத்திக் கன்றுகள் பிறந்த சில மாதங்களிலேயே கடிபட்டு, லேசான நோயோடு தப்பி, ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியோடும் கிருமியோடும் வாழ்ந்தன. டெக்சாஸ் மாட்டின் நலம் இப்படி விலைகொடுத்து வாங்கப்பட்ட நலம்.

ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் இதை வெளியிட்டார்கள். உண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைத் துல்லியமாகக் கண்டறிந்த கூப்பர் கர்ட்டிஸின் உழைப்பும் அதில் கலந்திருந்தது. செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்கு நான்கு ஆண்டு பின்னால்தான். பூச்சியினத்தால் நோய் பரவும் என்ற நவீன மருத்துவத்தின் பெரும் திறப்புகளில் ஒன்று, எல்லையில் மாடு தடுத்த தகராறிலிருந்து பிறந்தது.

இனி அந்நாளைய எல்லை விதிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் உண்ணியின் வாழ்க்கை எழுதப்பட்டிருக்கும். கோட்டுக்குத் தெற்கிலிருந்து வெயில் காலத்தில் வரும் மாடு நேரே இறைச்சிக்கூடத்துக்குப் போக வேண்டும். அறுபடப் போகும் மாட்டின் உண்ணி முட்டை பொரிக்க நேரமிருக்காது. ரயில் பெட்டிகளுக்குத் தனி அடையாளம், நிலையத்தில் தனிப் பட்டி, இறக்கியபின் பெட்டியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். உதிர்ந்த உண்ணி தங்கிவிடக்கூடாது. கொலராடோ மாநிலம் ஏப்ரலிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, 36ஆம் அட்சக்கோட்டுக்குத் தெற்கிலிருந்து வரும் மாடு அக்கோட்டுக்கு வடக்கே 90 நாள் தங்கியிருக்க வேண்டும் அல்லது பரிசோதித்து நலச்சான்று பெற வேண்டும் என்றது. உண்ணி உதிர்ந்து தீர 90 நாள் தாராளம். 1902இல் இந்தச் சட்டம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். மொத்தத் தடை செல்லாது, ஆனால் காத்திருப்பும் சோதனையும் சான்றும் செல்லும் என்ற அந்தப் பாதையில்தான் இன்றைய விதிகள் எல்லாம் நடக்கின்றன.

கோட்டைக் காத்துக்கொண்டிருப்பதைவிட உண்ணியையே ஒழிப்போம் என்று 1906இல் நாடு முடிவெடுத்தது. 14 தென் மாநிலங்களிலும் தெற்குக் கலிபோர்னியாவிலும் உண்ணி இருந்தது. ஆர்சனிக் கரைசல் நிரப்பிய நீண்ட தொட்டிகள் வெட்டப்பட்டன. மாடுகள் வரிசையாக அதில் இறங்கி நீந்திக் கரையேற வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூன்று வாரம் மாட்டில் தங்கும் உண்ணி எதுவும் இந்த இடைவெளியில் தப்பிக் கீழே விழ முடியாது என்ற கணக்கு.

கணக்கு சரி. அதன் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதில்தான் எனக்கு நிறைவில்லை. காட்டோரத்தில் நாலைந்து மாடுகளை அவிழ்த்துவிட்டு வளர்த்த ஏழைத் தெற்கத்தி விவசாயியின் மாட்டுக்கு இந்த நோய் ஒரு பொருட்டே இல்லை; அவை கன்றுப் பருவத்திலேயே தாண்டி வந்தவை. எல்லை கடந்து விற்கப் பெரிய மந்தை வைத்திருந்தவருக்குத்தான் உண்ணி ஒழிப்பால் லாபம். ஆனால் காட்டில் திரியும் மாட்டைத் தேடிப் பிடித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டிக்கு ஓட்டிவர வேண்டிய கட்டாயம் இருவருக்கும் ஒன்றே. கோபத்தில் பல இடங்களில் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள்; ஆய்வாளர்களைச் சுட்டும் கொன்றார்கள். ஃபுளோரிடாவில் உண்ணி மானிலும் வாழ்கிறது என்று கண்டு ஆயிரக்கணக்கான மான்களைக் கொன்றார்கள். தங்கள் நிலத்து மான்களைக் கொல்ல செமினோல் பழங்குடியினர் இணங்க மறுத்தார்கள். 1943இல் வெற்றி அறிவிக்கப்பட்டது. பழைய தொட்டிகள் இருந்த இடங்களில் ஆர்சனிக் மண்ணில் இன்னும் கிடக்கிறது. நாடு முழுவதற்கும் பெரும் நன்மை விளைந்தது உண்மை. அதை அடைய எளியவர்களோடு இன்னும் பொறுமையாகப் பேசியிருக்கலாம் என்பதும் உண்மை.

உண்ணி முற்றாகப் போய்விடவுமில்லை. மெக்சிகோ எல்லையான ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிரந்தரத் தனிமைப் பகுதி இருக்கிறது. குதிரைமேல் ரோந்து போகும் அரசு ஊழியர்கள் ஆற்றைக் கடந்துவரும் மாடுகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். அங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு மாட்டையும் உடல் முழுக்கக் கையால் தடவிப் பார்த்து, மருந்துத் தொட்டியில் இறக்கியபிறகே அனுப்புகிறார்கள். இப்போது அவர்களுக்குப் பெரிய தலைவலி நம் நாட்டிலிருந்து போனது: நீலான். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேட்டை விலங்காகத் தெற்கு டெக்சாஸ் பண்ணைகளில் விடப்பட்ட இந்த இந்திய மானினம் அங்கே பல்கிப் பெருகி, உண்ணியைச் சுமந்துகொண்டு வேலி தாண்டித் திரிகிறது. சான்றிதழ் கேட்டு அதை நிறுத்த முடியாது.

இந்தியாவுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. திமிலுள்ள நம் நாட்டு மாடுகளின் தோல் உண்ணியை எளிதில் அண்டவிடாது. அதை அறிந்து, 1906இல் டெக்சாஸின் பியர்ஸ் பண்ணையைச் சேர்ந்த ஏபல் போர்டன் இந்தியா வந்து மாடுகளை வாங்கிக் கப்பலேற்றினார். நியூயார்க் துறைமுகத்தில் அவற்றைத் தனிமைப்படுத்தி ரத்தம் சோதித்தபோது, சிலவற்றில் சர்ரா நோய்க் கிருமி இருந்தது. குதிரையைக் கொல்லும் கிருமி அது. மாட்டில் பெரும்பாலும் அடையாளமே காட்டாமல் இருக்கும். தொற்றுள்ளவற்றை அழித்துவிட்டுத்தான் மற்றவற்றை விடுவித்தார்கள். அப்படித் தப்பிப் போனவையும், பின்னர் பிரேசில் வழியாகப் போனவையும் சேர்ந்து பிராமன் என்ற அமெரிக்க இனம் உருவானது. நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் மாட்டின் ரத்தமும் அதில் ஓடுகிறது. தமிழ்நாட்டில் ஜெர்சிக் கலப்பினப் பசு வளர்ப்பவர்கள் உண்ணிக் காய்ச்சலையும் ரத்த மூத்திரத்தையும் அறிவார்கள். நாட்டு மாடு சமாளித்துவிடும் கடிக்குக் கலப்பினப் பசு படுத்துவிடுவது, அன்று இல்லினாயில் நடந்ததன் மறுபதிப்புதான்.

இன்றைய சான்றிதழுக்கு வருவோம். அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் மாட்டை நேரில் பார்த்து எழுதுவது அது. யார் அனுப்புகிறார், யார் பெறுகிறார், எங்கிருந்து எங்கே, எத்தனை உருப்படி, வயது, பால், இனம், காது எண், செய்த சோதனைகள். பெரும்பாலும் 30 நாள்தான் செல்லும். நேற்றைய நலத்துக்கு அடுத்த ஆண்டு மதிப்பில்லை. மருத்துவரின் கண் பார்க்கக்கூடியதைக் கண் பார்க்கும். பார்க்க முடியாததற்காகத்தான் மீதி எல்லாம்.

காசநோய் ஒழிப்பு 1917இலும் கருச்சிதைவு நோயான புரூசெல்லா ஒழிப்பு 1934இலும் தேசிய அளவில் தொடங்கின. இரண்டிலும் மாடு ஆண்டுக்கணக்கில் நன்றாகவே தோன்றும். காசநோய்க்கு வாலடி மடிப்பில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள்.

இனவிருத்திக் காளையின் கதை இன்னும் கூர்மையானது. டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி காளையின் குறியுறையில் உள்ள நுண்ணிய மடிப்புகளில் குடியிருக்கும். காளைக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறைவதில்லை, வேகமும் குறைவதில்லை. வயதாக ஆக மடிப்புகள் ஆழமாகி, அந்த உயிரி நிரந்தரமாகத் தங்கிவிடும். அது சேர்ந்த பசுக்களோ சினை பிடித்தும் சில வாரங்களில் கரு கலைந்து மீண்டும் மீண்டும் பருவத்துக்கு வரும். ஆண்டு முடிவில் கன்று எண்ணும்போதுதான் உரிமையாளருக்குத் தெரியும். அதனால் பல மேற்கு மாநிலங்கள் குறிப்பிட்ட வயதைத் தாண்டிய காளைக்குச் சோதனை முடிவையும், இளங்காளைக்கு இதுவரை பசுவோடு சேராதது என்ற உறுதிமொழியையும் கேட்கின்றன.

குதிரைக்குக் காகின்ஸ் சோதனை. குதிரைத் தொற்று ரத்தசோகை என்ற வைரஸ் நோயிலிருந்து பிழைத்தெழும் குதிரை மினுமினுப்பாக ஓடும். ஆனால் சாகும்வரை ரத்தத்தில் வைரஸ் இருக்கும். குதிரை ஈ ஒன்றின் வாயில் ஒட்டிய ரத்தம் போதும், அடுத்த குதிரைக்குப் போக. கார்னெல் பல்கலைக்கழகத்தின் லெராய் காகின்ஸ் 1970 வாக்கில் எதிர்ப்புப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் நம்பகமான ரத்தச் சோதனையை உருவாக்கும்வரை இந்தக் குதிரைகளை அடையாளம் காண எளிய வழி இல்லை. தொற்று உறுதியானால் குதிரைக்கு முன் இருப்பவை கடுமையான வழிகள்: கருணைக் கொலை, அல்லது பிற குதிரைகளிலிருந்து குறைந்தது 200 கஜம் தள்ளி ஆயுள் தனிமை. கடிக்கும்போது விரட்டப்பட்ட ஈ அவ்வளவு தூரம் பறந்து வேறு குதிரையைத் தேடாது என்பதிலிருந்து வந்த தூரம் அது. நலமாக நிற்கும் தன் குதிரையைப் பற்றி இப்படி ஒரு தாள் வரும்போது அதன் உரிமையாளர் படும் வேதனையை நினைத்துப் பார்க்கவேண்டும்.

காது எண்ணின் வேலை வேறு. சோதனையைத் தப்பி வந்த நோய் பின்னால் வெளிப்பட்டால், அது எந்த ஊர்களைக் கடந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவுக்கு மாட்டுப் பித்துநோய் உறுதியானது. கனடாவிலிருந்து வந்த 81 மாடுகளில் அதுவும் ஒன்று என்பது தெரிந்தது. ஆனால் பல வாரம் தேடியும் அவற்றில் பாதிகூட எங்கே என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இதில் வருத்தமான திருப்பம் ஒன்று உண்டு. புரூசெல்லாத் தடுப்பூசி போடும்போதெல்லாம் கன்றுக்கு உலோக வில்லை மாட்டுவது வழக்கம். பல பத்தாண்டுகள் நாட்டின் அடையாள முறையே அதுவாகத்தான் இருந்தது. நோய் ஒழிய ஒழிய ஊசி போடுவது குறைந்தது, வில்லையும் குறைந்தது. நோயை வென்றதே தேடும் கருவியைப் பறித்துவிட்டது. 2013இல் மாநிலம் கடக்கும் பல வகை மாடுகளுக்கு அடையாளமும் சான்றிதழும் கட்டாயம் என்ற கூட்டாட்சி விதி வந்தது. 2024 நவம்பர் முதல், பால்மாடுகளுக்கும் 18 மாதத்தைத் தாண்டிய இனவிருத்தி மாடுகளுக்கும் புதிதாக மாட்டும் வில்லை கண்ணாலும் மின்னணுக் கருவியாலும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அதே 2024இல் எல்லை விதிகள் புதிதாக ஒரு பாடம் படித்தன. ஆண்டுத் தொடக்கத்தில் டெக்சாஸின் வடகோடிப் பால்பண்ணைகளில் பசுக்கள் தீவனத்தை ஒதுக்கின. பால் சட்டென்று வற்றியது. கறந்த பால் சீம்பால்போல மஞ்சளாகத் திரண்டிருந்தது. பண்ணைப் பூனைகள் செத்தன. மார்ச் 25 அன்று உறுதியானது பறவைக் காய்ச்சல் வைரஸ், எச்5என்1. பால்மாட்டின் மடியில் அது பெருகும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சில நாட்களில் மிச்சிகனில் ஒரு மந்தை, ஐடஹோவில் ஒன்று, வட கரோலினாவில் ஒன்று. பறவைகள் பரப்பியிருக்கும் என்றால் ஒவ்வோர் இடத்திலும் வைரஸின் மரபுக்குறியீடு வேறுபட்டிருக்க வேண்டும். படித்துப் பார்த்தபோது அவை ஒரே கிளையைச் சேர்ந்தவை. பறவையிலிருந்து மாட்டுக்கு ஒருமுறை தாவியது, பிறகு லாரியேறிப் பயணம் செய்தது. ஏற்றியபோது அந்தப் பசுக்களிடம் நோயின் அறிகுறி இல்லை.

ஏப்ரல் 29 முதல் கூட்டாட்சி உத்தரவு நடைமுறைக்கு வந்தது: பால் கறக்கும் பசு மாநிலம் கடக்க வேண்டுமென்றால், புறப்படுவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் பால் எடுத்துச் சோதித்திருக்க வேண்டும். மடியின் நான்கு காம்பிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும்; வைரஸ் ஒரே காம்பில் மட்டும் இருக்கக்கூடும். ஒரு கூட்டத்தில் 30க்கு மேல் பசுக்கள் இருந்தால் 30ஐச் சோதித்தால் போதும் என்றார்கள். ஆய்வகங்களின் கொள்ளளவைப் பார்த்தால் புரிந்துகொள்ளக்கூடிய சலுகைதான். ஆனாலும் சோதிக்கப்படாத முப்பத்தோராவது பசுவை நினைக்கையில், 1855இன் மிசௌரிச் சட்டத்தைவிட நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்பது இரண்டும் தெரிகிறது. நோய் மேலும் மேலும் மாநிலங்களுக்குப் பரவியது.

டிசம்பரில் அணுகுமுறை விரிந்தது. பசுக்களை எல்லையில் பிடிப்பதோடு நில்லாமல், பால் பதப்படுத்தும் ஆலைகளின் பெருந்தொட்டிகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. தொட்டியில் வைரஸ் இருந்தால், அதற்குப் பால் ஊற்றிய பண்ணைகளைப் பின்னோக்கித் தேடிப் போகலாம். 2025 ஜனவரியில் நெவாடா மாநிலத்தில் அப்படி ஒரு தொட்டியில் வைரஸ் தெரிந்தது. தேடிப்போய்க் கண்ட மந்தைகளில் இருந்த வைரஸ், டெக்சாஸிலிருந்து பரவிய கிளை அல்ல. பறவையிலிருந்து மாட்டுக்குப் புதிதாக இன்னொரு முறை தாவியது. மாதிரி எடுத்த நாட்களில் அந்த மந்தைகளில் ஒரு பசுவும் நோயாகத் தோன்றவில்லை. காய்ச்சலும் வற்றிய மடியும் அதற்குப் பிறகுதான் வந்தன.